டயானாவின் வெண்கலக் கோவணம்

மெக்சிகோ நகரின் ரிஃபோர்மா சாலையில் வில்லேந்தி நிற்கும் ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் சிலைப் படத்தோடு, 'சிற்பி ஹுவான் ஒலாகிபெல் 1942இல் வடித்த அதே சிலை. அன்றுமுதல் ஆடையின்றியே நிற்கிறது' என்ற பதிவு சுற்றுகிறது. ஆண்டும் சிற்பியும் சரி, மற்றவை தவறு.

திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒழுக்கக் காவலர்களின் கூச்சலுக்குப் பணிந்து இடுப்பில் வெண்கலக் கோவணம் ஏற்றப்பட்டது. குவானஹுவாத்தோ நகரில் மெக்சிகோ விடுதலைப் போர் வீரர் பிப்பிலாவுக்குப் பிரமாண்டமான சிலையை நிறுத்திய ஒலாகிபெல் லேசுப்பட்டவரா? பின்னாளில் கழற்றத் தோதாக மூன்றே இடங்களில் பற்றவைத்தார். அப்படியும் 1960களின் இறுதியில் அகற்றும்போது சிலை சேதமடைந்தது. அவரே பிரதி ஒன்றைச் செய்து கொடுத்தார். தலைநகரில் நிற்பது அதுதான். மூலச் சிலை ஹிடால்கோ மாநிலத்து இஸ்மிகில்பன் ஊருக்குப் போய்விட்டது.