ரிட்ரீவர் வாங்கலாமா என்று அக்கா கேட்டாள்

பிள்ளைகள் கோல்டன் ரிட்ரீவர் நாய் வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்களாம். "உன் வீட்டில் ஒன்பது வருஷமாக லேப்ரடார் இருக்கிறதே, நீ சொல்லுடா" என்றாள் அக்கா. லேப்ரடாரும் ஒரு ரிட்ரீவர்தான், அதாவது வேட்டையில் சுட்ட பறவையைக் கவ்விவரும் நாய் வகை.

குழந்தைகளோடு ஒட்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. நன்றாகவே ஒட்டும். நான் கேட்டது வேறு: காலை ஐந்தரைக்கு உங்கள் வீட்டில் யார் எழுந்திருப்பீர்கள்?

சிரித்துவிட்டாள். மாமா ஏழரைக்கு முன் கண் திறக்க மாட்டார்.

சிரிக்கிற விஷயமில்லை. 19ஆம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்தின் குளிரில், சுட்டு விழுந்த பறவைகளை நீரில் இறங்கிக் கவ்விவர வளர்த்தெடுத்த இனம் கோல்டன். அதற்கேற்ற இரண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது, மூச்சிரைத்துத்தான் சூடு தணிய வேண்டும். சென்னையின் மே மாதத்தில் வெயில் ஏறிய பிறகு நடக்கவிட்டால் தார்ச்சாலையே அதன் பாதத்தைப் பொசுக்கும். மொட்டையடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்த முடிதான் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. ஆக, விடிவதற்குள் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை. இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், சோபா பஞ்சாகிவிடும்.

முடி கொட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று: நம்ம லேப்ரடார் மஞ்சள் நிறம். கார்த்திகையில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டினால் சாயங்காலத்துக்குள் அது வேறு வேட்டி.

எதையாவது கவ்விக்கொண்டே திரிவது பிறவிக் குணம். ஒருநாள் என் மாமனாரின் பல்செட்டை ஒரு கீறல்கூட விழாமல் கவ்விவந்து, வந்திருந்த விருந்தாளி கையில் கொடுத்தான். பறவையைக் கசக்காமல் தூக்கிவரும் வாய் அல்லவா! மாமனார் இன்னும் மன்னிக்கவில்லை.

லேப்ரடார் என்றால் தீனி இன்னொரு தலைவலி. அவற்றில் பலவற்றுக்குப் பசி அடங்காததற்கு ஒரு மரபணுக் குறை காரணம் என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எங்கள் அம்மாவுக்கு இதைச் சொன்னால் புரியுமா? "பாவம், பார்க்குதுடா" என்று தயிர்சாதம் வைத்துவிடுவாள். எடை ஏற ஏற இடுப்பு மூட்டு போகும்.

அக்கா வீடோ மூன்றாவது மாடி. பகல் முழுக்க இருவரும் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். வீட்டிலிருப்பது முழங்கால் அறுவை செய்துகொண்ட அத்தை மட்டும். முப்பது கிலோ நாய் அன்பாகப் பாய்ந்தாலும் அவர் விழுவார். வேண்டாம் என்றேன்.

பிள்ளைகள் விடவில்லை. சரி, ஒரு மாதம் ஐந்தரைக்கு வந்து எங்கள் நாயை நடத்திக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்றேன்.

நேற்று சின்னவன் மட்டும் வந்தான். ஏழு மணிக்கு.