இங்கிலாந்தை விட்டுப் போகிறவர்களுக்குக் கொழுப்பா?

போன கிழமை எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு. ஆசிரியர் ஒருவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, 2024-இல் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியக் குடிமக்கள் சொந்த நாட்டை விட்டு வெளியே போயிருக்கிறார்கள் என்று வாசித்தார். உடனே நாலா பக்கமும் சிரிப்பு. "சோத்துக்குக் கஷ்டமில்ல, ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டத் தேவையில்ல, பிறகு என்னத்துக்குப் போறான்? கொழுப்புதான்." இன்னொருவர், "அவன் விட்டுட்டுப் போற இடத்த நமக்குத் தந்தா போதும்" என்றார். அப்போது மணி அடித்துவிட்டது, நான் வகுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விடுகிறோம். போன வருடம் மாசி மாதம் ஒரு இங்கிலாந்துக் குடும்பம் வந்து ஐந்து நாள் தங்கினார்கள். புருஷன், மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. அந்தப் பெண் பிரிஸ்டல் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவள். சுற்றுலா வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். ஆறு பெரிய சூட்கேசுகளைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். "நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு, அடிலெய்டுக்குக் குடிபோகிறோம். போகிற வழியில் கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கினோம்" என்றாள்.

ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது நாள் ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து சொன்னாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கட்டில் இல்லாமல் வயதானவர்களை நடைபாதையில் ட்ரொலியில் போட்டு, அங்கேயே சேலைன் ஏற்றி, அங்கேயே மறைப்புத் துணி பிடித்து அவர்களுக்குக் கழிப்பறை வேலையும் பார்த்திருக்கிறாள். ஒரு தாத்தா, "மகளே, என்னை இப்படி எல்லாரும் பார்க்கிற இடத்தில் சாகவிடாதே" என்று கையைப் பிடித்தாராம். அதைச் சொல்லும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டு வாடகைக்கே போயிருக்கிறது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டிய காசு வாடகையைவிட அதிகம். மூன்று வருடத்தில் நான்கு வீடு மாறியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் விற்கப் போகிறேன் என்று சொல்லித்தான். "நான் வாழ்ந்தது பணக்கார நாட்டில்தான், ஆனால் அந்தப் பணம் என் பக்கம் வரவே இல்லை" என்றாள்.

நாம் கவனிக்காமல் விடுகிற விஷயம் இதுதான். நாடு பணக்கார நாடாக இருக்கலாம், அதில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பணத்தின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. வாடகை வீட்டில் இருக்கும் நர்ஸுக்கும் அந்த வீட்டின் சொந்தக்காரருக்கும் கடவுச்சீட்டு ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றல்ல. 2023-இல் இங்கிலாந்தில் இளம் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, புதிதாக வேலைக்குச் சேரும் டாக்டருக்கு மணிக்கு 14.09 பவுண்தான் என்று அவர்களுடைய சங்கம் சுவரொட்டி ஒட்டியது. பழைய பெறுமதிக்குச் சம்பளம் திரும்ப வேண்டுமென்றால் 35 சதவீதம் கூட்ட வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டங்களில் நாம் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் கத்தி, 2021-இல்தானே வாங்கினோம். அதனால் அந்தக் கோரிக்கை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அவளுடைய வாடகை வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நம்முடைய பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் மழைக்குக் கூரைத் தகரம் ஒழுகும். அது வேறு, இது வேறு. ஆனால் உழைப்பவனுக்கு உழைப்பின் பலன் வந்து சேராத ஊரில் கால் தரிக்காது, அது எந்த ஊராக இருந்தாலும்.

இங்கிலாந்து மட்டும் இல்லை. ஜேர்மனியில் 2023-இல் 2,65,000 ஜேர்மானியர் வெளியே போனார்கள், அவர்கள் அதிகம் போகிற இடம் பக்கத்து சுவிஸ். அந்த சுவிஸிலிருந்தும் போகிறார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சுவிஸ் குடிமக்கள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். பென்ஷன் காசு அங்கே வாடகைக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் கரைந்துவிடும், அதே காசில் தாய்லாந்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று போகிற கிழவர்களும் உண்டு. நியூசிலாந்துக்காரன் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறான், சம்பளம் கூட என்பதால். 2023 ஜூலை முதல், நான்கு வருடம் அங்கே இருந்தால் நேரடியாகக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். மேட்டிலிருந்து பார்த்தால் அதற்கு மேலே இன்னொரு மேடு தெரிகிறது, அவ்வளவுதான்.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை, மலையகத்தில் இருக்கும் நமக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. நம் தோட்டங்களின் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, பல்மோரல். தலவாக்கலையில் ஹோலிரூட். பூண்டுலோயாவில் டன்சினன். எல்லாம் ஸ்கொட்லாந்து ஊர், மாளிகை, மலைப் பெயர்கள். உலகத்திலேயே பெரிய பணக்கார நாடாக பிரித்தானியா இருந்த காலத்தில், அந்த நாட்டை விட்டு வந்தவர்கள், விட்டு வந்த இடத்தின் பெயரை நம் மலைகளில் எழுதி வைத்தார்கள். ஊர் ஞாபகம் இல்லாதவன் அப்படிப் பெயர் வைக்க மாட்டான்.

இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கி வைத்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரின் மகன், சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். 1852-இல் பதினாறு வயதில் கப்பலேறி வந்தார். 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், மீதி நம் எல்லாருக்கும் தெரியும். 40 வருடம் அந்த மலையிலேயே இருந்து, 1892-இல் செத்து, கண்டி மஹய்யாவ மயானத்தில் கிடக்கிறார். ஒரு தடவைகூட ஸ்கொட்லாந்துக்குத் திரும்பிப் போகவில்லை. தச்சர் மகனுக்கு அங்கே என்ன இருந்தது? நிலம் பிரபுக்களிடம், தொழிற்சாலை முதலாளிகளிடம். இங்கே வந்தால் துரை.

அதே காலத்தில்தான் திருச்சி, மதுரை, சேலம் பக்கமிருந்து நம் பாட்டன் பூட்டன்கள் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். ஊரை விட்டு வந்த இரண்டு கூட்டமும் ஒரே மலையில்தான் சந்தித்தது. ஒருவன் ஒப்பந்தத்தோடு வந்தான், மற்றவன் கடனோடு வந்தான். துண்டு என்று சொல்வார்களே, பெரியவர்களிடம் கேட்டால் தெரியும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். துண்டு ஒழிந்துவிட்டது என்று நானும் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, அந்த நர்ஸ் விட்டுப் போன இங்கிலாந்தில் இன்று யார் வேலை செய்கிறார்கள்?

எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருத்தி. எனக்குத் தங்கச்சி முறை, பெயர் எழுத மாட்டேன். 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்கக் கதவைத் திறந்தது. அதே வருடம்தான் இங்கே பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மா இல்லை. அந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். இவள் 2023-இல் போனாள். ஏஜென்ட் வாங்கியது 25 இலட்சம் ரூபாய். அப்பாவின் ஆட்டோ போனது, அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது, மீதி வட்டிக்கு. போய் இறங்கினால், வாரத்துக்கு 39 மணி நேரம் வேலை என்று எழுதியிருந்த கம்பெனியில் சில வாரம் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. வேறு இடம் பார்க்கலாமென்றால் விசா அந்தக் கம்பெனியின் சான்றிதழோடு கட்டியது. அதை விட்டால் 60 நாளுக்குள் இன்னொரு ஸ்பொன்சரை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறொரு கம்பெனியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கடன் ஒரு கையைப் பிடித்திருக்கிறது, சான்றிதழ் மறு கையைப் பிடித்திருக்கிறது. இதற்கு என்ன பெயர் வைத்தாலும் என் கண்ணுக்கு இது துண்டுதான்.

அவள் பார்த்துக்கொண்ட கிழவிகளில் ஒருவருக்கு 91 வயது. காலையில் போய்க் குளிப்பாட்டி, காலுக்குக் கிரீம் தடவி, நீளமான காலுறை மாட்டிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாளாம். அந்தப் பாட்டிக்கு ஒரே மகன், அவன் அவுஸ்திரேலியாவில், பெர்த்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்லெட்டில் மகன் முகம் வரும், பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் மகன் சொல்வதை இவள்தான் பக்கத்தில் குனிந்து திருப்பிச் சொல்வாள். ஒருநாள் அந்த மகன், "நீ யாருடைய அம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கிறாய்?" என்று கேட்டானாம். இவள் போனை எடுத்து எனக்கு அழுதுகொண்டே சொன்னாள்.

அந்த பிரிஸ்டல் நர்ஸும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அழுதாள். விறாந்தையில் நின்று தாயோடு பேசிக்கொண்டிருந்தாள், வெளியே ஒரே மூட்டம், எதிரே உள்ள மலைகூடத் தெரியவில்லை. பேசி முடித்தும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. சாயத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுபோய், "இந்தா பிள்ள, குடி" என்று கையில் வைத்தார். பிறகு அடுப்படிக்கு வந்து என்னிடம், "அவளாச்சும் நெனச்சா திரும்பி வரலாம்ல?" என்றார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறியவர். மலையகத் தமிழரைப் பங்கு போட இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் ஒருவர். கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து, அங்கேயே முடிந்துபோனார். அக்காவும் தங்கையும் திரும்பப் பார்க்கவே இல்லை.

அம்மா கேட்டதுதான் எனக்கு முக்கியம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பத்தே பத்து பவுண் கட்டி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பிரித்தானியர்கள் பத்து இலட்சத்துக்கு மேல். 1966-இல் வேல்ஸிலிருந்து அப்படிப் போன ஒரு குடும்பத்தின் மகள், ஜூலியா கில்லார்ட், பிறகு அந்த நாட்டின் பிரதமராகவே வந்தார். அதே திட்டத்தில் போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பேர் பிடிக்காமல் ஊர் திரும்பினார்கள். திரும்ப முடிந்தது அவர்களால். ஊரில் வட்டிக்காரன் காத்திருக்கவில்லை.

அதனால் போகாதே என்று நான் யாரையும் தடுக்க மாட்டேன். காம்பராவில் பிறந்தவனிடம் இங்கேயே இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? என் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நீ போகிற நாற்காலியில் இதற்கு முன் யார் உட்கார்ந்திருந்தார், அவர் ஏன் எழுந்து போனார் என்று கேள். ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டான். காசைக் கையில் கொடுக்கும் முன், அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க லைசென்ஸ் இருக்கிறதா, மணி நேரம் எத்தனை, அங்கே வேலை செய்த ஆள் ஒருவரின் நம்பர் கிடைக்குமா என்று பார். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஆட்களை எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் பிரித்தானியா நிறுத்திவிட்டது. அது தெரிந்தும் இன்னும் பண்டாரவளையில் அதே வேலைக்கு அட்வான்ஸ் வாங்குகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கடைசியாக, இதை எழுத அவசரப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022-க்கும் 2024 முடிவுக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470-க்கு மேற்பட்ட கம்பெனிகளின் லைசென்ஸை அந்த அரசாங்கம் பறித்தது, 39,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அதில் மாட்டினார்கள். இப்போது எங்கள் தங்கச்சியின் கம்பெனிக்கும் அதே கதி. கடிதம் வந்து 19 நாளாகிவிட்டது, 60-இல் 41 நாள்தான் மிச்சம். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் வேறு ஸ்பொன்சரிடம் மாற இன்னும் வழி இருக்கிறது. அவளுக்கு இரண்டரை வருட அனுபவம், நன்றாக இங்கிலீஷ் பேசுவாள், முதியவர்களோடு பொறுமையாக இருப்பாள். இங்கிலாந்தில் இருப்பவர்கள், லைசென்ஸ் உள்ள நல்ல கேர் ஹோம் ஏதாவது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஏஜென்ட்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.