113 மில்லியன் கேட்டது உண்மை, கிடைத்தது இல்லை

மேலே ஒருவர், அமெரிக்கப் பியானோ கலைஞர் லிபராச்சியைப் பற்றி, "லிபராச்சியின் ரகசியக் காதலர் ஸ்காட் தோர்சன் கேஸ் போட்டு 113 மில்லியன் டாலர் வாங்கினார், கோர்ட்டிலேயே லிபராச்சி உறவை ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

113 மில்லியன் என்பது 1982-இல் மனுவில் கேட்ட தொகை. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர் கேட்கும் ஜீவனாம்சம் மாதிரி. அமெரிக்காவில் 'பாலிமனி' என்பார்கள். வழக்கின் பெரும்பகுதி 1984-இலேயே தள்ளுபடி. மிச்சம் 1986-இல் கோர்ட்டுக்கு வெளியே சமரசமானது: மொத்தம் 95,000 டாலர். அதிலும் ரொக்கம் 75,000தான், மீதிக்கு மூன்று கார், மூன்று நாய். (ஆமாம், நாய்களும் கணக்கில் உண்டு.) கேட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. செய்தித் தலைப்பில் வருவது மனுத் தொகை என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

லிபராச்சி உறவை ஒப்புக்கொண்டதும் இல்லை. 1959-இல் லண்டனில் 'டெய்லி மிரர்' பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு, தான் தன்பாலின ஈர்ப்பாளர் இல்லை என்று சத்தியம் செய்து 8,000 பவுண்டு வாங்கியவர். கடைசிவரை வெளியில் மறுத்தார். 1987 பிப்ரவரி 4-இல் இறந்தபின் பிரேதப் பரிசோதனையில்தான் எய்ட்ஸ் என்பதே உறுதியானது.

லிபராச்சியோடு வாழ்ந்ததைப் பற்றித் தோர்சன் எழுதிய புத்தகம் வந்தது 1988-இல். இறந்தவர் சார்பில் அவதூறு வழக்கு நிற்காது. அதனால் அதில் உள்ள அந்தரங்க உரையாடல்களை ஒரு தரப்பு சாட்சியமாக மட்டும் படியுங்கள். 'பிஹைண்ட் தி கேண்டலாப்ரா' என்ற 2013 படமும் அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்ததுதான், தனி ஆதாரம் ஆகாது.