குஸ்காட்லான் மைதானத்தின் வெயில் பக்கம்

எல் சால்வடாரின் தலைநகர் சான் சால்வடாரில் இருக்கும் குஸ்காட்லான் கால்பந்து மைதானத்தைப் பற்றி யார் எழுதினாலும் அதன் அளவில்தான் ஆரம்பிக்கிறார்கள். 50,000 பேருக்கு மேல் பார்க்கலாம், மத்திய அமெரிக்காவிலேயே பெரியது, 1976-இல் ஜெர்மனியின் பொருசியா மொன்ஷன்கிளாட்பாக் அணியை வரவழைத்துத் திறந்தார்கள் என்று. எல்லாம் உண்மை. 1967-லேயே கான்ககாஃப் கோப்பையை (வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கிளப்புகளுக்கான கோப்பை) வென்ற அலியான்சா கிளப்பின் சொந்த மைதானமும் அதுதான்.

ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது 2023 மே 20 இரவு. அலியான்சாவுக்கும் ஃபாஸ் அணிக்கும் உள்நாட்டு லீக்கின் காலிறுதி. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், நிறுத்திவிட்டார்கள். வாசலில் நெரிசல். 12 பேர் இறந்துபோனார்கள். மயங்கிக் கிடந்தவர்களுக்கு ரசிகர்களே சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்த காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வீடியோவை யாராவது பகிர்ந்தால் போதும், "ஒழுங்கில்லாத கூட்டம், அப்படித்தான் ஆகும்" என்று கீழே வந்து எழுதிவிடுகிறார்கள். இதை நான் முழுதாக மறுக்கிறேன்.

நெரிசல் நடந்தது எந்த வாசலில் என்று பாருங்கள். அங்கே டிக்கெட்டை வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று பிரித்து விற்பார்கள். வெயில் பக்கப் பொதுப் பகுதிதான் ஏழைகளின் இடம். அந்தப் பகுதிக்குப் போகும் வழியில்தான் அத்தனை பேரும் மாட்டினார்கள். டிக்கெட்டோடு வந்தும் வாசல் மூடியிருந்தது என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஆட்டம் தொடங்கிவிட்ட சத்தம் கேட்கும், ஓர் அடி முன்னே வைப்பார். அப்படி நூற்றுக்கணக்கானவர்கள் வைக்கும் அடியில் முன்னால் இருப்பவரின் நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் போய், நின்றபடியே மூச்சு நின்றுவிடும். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

பக்கத்து நாடான குவாத்தமாலாவின் தலைநகரில் 1996 அக்டோபர் 16 அன்று கோஸ்டாரிகாவுடன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். அங்கேயும் மலிவான பொதுப் பகுதிதான், கொள்ளளவுக்கு மேல் கூட்டம், போலி டிக்கெட். 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தனைக்கும் அப்புறம், கிட்டத்தட்ட 27 வருடம் கழித்து, அதே பிராந்தியத்தில் அதே மாதிரி மலிவான பகுதியில் மறுபடியும். இதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

சான் சால்வடாரில் கிளப்பையும் மைதானத்தையும் சேர்ந்த சிலரைக் கைது செய்தார்கள். அலியான்சா ஓராண்டுக்குச் சொந்த மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டனையும் வந்தது. சரி, கிளப்புக்குத் தண்டனை வேண்டியதுதான். ஆனால் காலி இருக்கைகளால் வாசல் அகலமாகிவிடாதே.

இப்போது அதே நகரை ஒட்டிச் சீன உதவியோடு புதிய தேசிய மைதானம் கட்டுகிறார்கள். மறுபடியும் அளவுதான் பேச்சு. மலிவான டிக்கெட் வாங்குபவருக்கு எத்தனை வாசல், ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால் திறப்பார்கள், உள்ளே நிறைந்துவிட்டால் வெளியே நிற்பவர்களிடம் யார் போய்ச் சொல்வார்கள்? திறப்பு விழாவுக்கு முன்பே இதையெல்லாம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.