கயாக்கை நிமிர்த்துவது கைப்பலமா?

“கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தக் கைப்பலம் வேண்டும், தலையை முதலில் தூக்கு” என்று முல்லைத்தீவு இளைஞர்களின் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

கயாக் என்பது ஒருவர் உள்ளே அமர்ந்து துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. கிரீன்லாந்தின் இனுயிட் பழங்குடி வேட்டைக்காரர்கள் வளர்த்த, படகுக்குள் இருந்தபடியே நிமிரும் இந்த வித்தையில் படகைத் திருப்புவது இடுப்பும் முழங்காலும்தான். துடுப்பு ஒரு கணம் தாங்கல் தருகிறது, அவ்வளவே. தலையோ ஏறத்தாழ 5 கிலோ. அதை முதலில் தூக்கினால் அந்தப் பாரமே படகை மீண்டும் கவிழ்த்துவிடும். உடலெல்லாம் எழுந்த பிறகே தலை எழ வேண்டும்.

அதற்கும் முன்பு கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறக் கற்றுக்கொள்ளுங்கள்: இருக்கையை மூடும் துணியின் முன்வளையத்தை இழுத்து, படகைத் தள்ளி வெளியே வாருங்கள். நந்திக்கடல் களப்பின் அமைதியான, இடுப்பளவு நீரில், பழகியவர் ஒருவர் அருகே நிற்கும்போது மட்டும் பழகுங்கள். மார்கழி வாடைக்காற்றில் பெருங்கடலில் வேண்டவே வேண்டாம்.