மருந்தால் போன உயிர்: கண்ணாடியை விடுங்கள், கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கண்ணாடி உடைகிற நேரத்தில், மாடியில் கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவில், புதிதாக ஒரு வரி ஏறிக்கொண்டிருக்கலாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளி இறந்தார் என்ற செய்தியில் அடுத்து வருவதெல்லாம் நமக்கு மனப்பாடம். சாலை மறியல், போலீஸ் சமாதானம், அன்றைக்கே தகனம். ஆறு மாதம் கழித்து வக்கீலிடம் போகும்போது கையில் இருப்பது பில்லும், ஒரு பக்க டெத் சம்மரியும்தான். உடைத்த கண்ணாடிக்கு மட்டும் 2008-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மருத்துவ அலட்சிய வழக்குகளில் ஓரளவு சுலபமாக நிரூபிக்கக்கூடியது மருந்துத் தவறுதான் என்பேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் கத்தி எங்கே பட்டது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. மருந்துக்குப் பெயர் இருக்கிறது, மில்லிகிராம் இருக்கிறது, கொடுத்த நேரமும் கொடுத்தவர் கையெழுத்தும் இருக்கின்றன. இவை பதிவாகும் அந்தத் தாள், மருந்து சார்ட், கைக்கு வராமலேயே பல குடும்பங்கள் தோற்றுப்போகின்றன.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் அது மாரடைப்பு. மின்துடிப்பு குழம்பி இதயம் சட்டென்று நின்றுபோவது வேறு. நாம் இரண்டையும் 'ஹார்ட் அட்டாக்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புகாரிலும் அப்படியே எழுதினால், ஈசிஜியிலும் ட்ரோபோனினிலும் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அடைப்புக்கான தடயம் இல்லை என்று காட்டி எதிர்த்தரப்பு வழக்கின் பாதியை முடித்துவிடும். என்ன மருந்து, அது இதயத்தை எந்த வழியில் தாக்கும் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சாட்சியத்தைத் தேடுவது என்பதே முடிவாகும்.

ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவருக்கு ஏற்றும் பொட்டாசியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஆம்பூல், 15 சதவீதம். அதற்குள் இருப்பது 20 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) பொட்டாசியம். கை நரம்பு வழியாக ஏற்றுவதென்றால் அதே அலகில் ஒரு லிட்டர் திரவத்தில் 40-க்கு மேல் போகக் கூடாது, மணிக்கு 10 என்ற வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வார்டு வரம்பு. இதைக் கலக்காமல் சிரிஞ்சில் எடுத்து நேராகத் தள்ளினால் இதயம் நிமிடங்களில் நின்றுவிடும். எப்படி நடக்கிறது? ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைக்கும் தண்ணீர் ஆம்பூலும் இதுவும் பார்வைக்கு ஒன்று போலவே, ஒரே ட்ரேயில் கிடக்கும். இரவு ஷிப்டில் ஒரு நர்ஸ் முப்பது படுக்கையைப் பார்ப்பார். அடர்பொட்டாசியத்தைப் பொது வார்டில் வைக்காதீர்கள், தனியாகப் பூட்டி வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. பூட்டாமல் வைத்தது நிர்வாகத்தின் தவறு. அந்த நர்ஸை சஸ்பெண்ட் செய்துவிட்டு நிர்வாகம் கைகழுவ முடியாது, ஊழியர் செய்ததற்கு மருத்துவமனையும் சட்டப்படி பொறுப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இறந்த பிறகு செல்கள் சிதைவதால் ரத்தத்தில் பொட்டாசியம் தானாகவே உயர்ந்துவிடும். ஆகவே பிரேதப் பரிசோதனை ரத்தத்தை வைத்து மட்டும் இதை நிரூபிக்க முடியாது. நர்ஸ் குறிப்பு, கடைசியாக உயிரோடு எடுத்த ரத்த அறிக்கை, மானிட்டர் பதிவு, அன்றைய வார்டு ஸ்டாக் ரிஜிஸ்டர், இவைதான் பேசும். அதற்காகப் பிரேதப் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். வேறு காரணத்தால் இறக்கவில்லை என்று காட்ட அது வேண்டும்.

அட்ரினலின் கதை வேறு. ஒரு மில்லி ஆம்பூலில் 1 மில்லிகிராம். கடுமையான அலர்ஜி வந்த பெரியவருக்கு அதில் பாதி, அரை மில்லிகிராம், தொடைத் தசையில் போட வேண்டும். இதயம் நின்றவருக்கு முழு 1 மில்லிகிராமும் ரத்தக்குழாயில். ஒரே ஆம்பூல், இரண்டு வழி. பதற்றத்தில் "அட்ரினலின் ஒண்ணு போடு" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, தசையா நரம்பா என்று சொல்லாமல் விட்டால், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் முழு டோஸ் போய்விடும். இதயக் குழாய் இறுகி, முப்பது வயதுக்காரருக்கும் நிஜமான மாரடைப்பு வரலாம். இதற்குத் தடயம் ஈசிஜியிலும், சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுத்த ட்ரோபோனினிலும் கிடைக்கும்.

ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்கு வாருங்கள். கொடுத்த மருந்தால் மட்டுமல்ல, நிறுத்திய மருந்தாலும் மாரடைப்பு வரும். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்க, ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலரைப் பொதுவாக 12 மாதம் சேர்த்துச் சாப்பிட வேண்டும். நடுவில் பல் பிடுங்கப் போகிறார். "ரத்தம் நிற்காது, ரெண்டு மாத்திரையையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்கிறார்கள், இதய மருத்துவரைக் கேட்காமல். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைகிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனலால் வகையும் அப்படித்தான். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. வேறு நோய்க்கு அட்மிட் ஆகும்போது வீட்டு மாத்திரைகள் சார்ட்டில் ஏறாமல் விட்டுப்போனால், இதய நோயாளிக்கு அந்தச் சில நாளே போதும். அட்மிஷன் அன்றே வீட்டு மாத்திரைப் பட்டியலை எழுதிக் கொடுத்து, அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "எங்களிடம் சொல்லவே இல்லை" என்ற வாதம் எடுபடாது.

வலி மாத்திரையை நம் ஊரில் யாரும் இதயத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மெர்க் நிறுவனம் ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மாத்திரையை 2004 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. காரணம் மாரடைப்பும் பக்கவாதமும். 2007-இல் அமெரிக்க வழக்குகளை முடிக்க 485 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. இதய நோயாளிகளுக்கு டிக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் சொன்னது. இங்கே அது சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் "முழங்கால் வலி" என்று சொன்னாலே கிடைக்கிறது. எழுதிய பிராண்ட் இல்லையென்றால் வேறொன்றை எடுத்துக் கொடுப்பதும் சகஜம். அட்டவணை எச் சீட்டுக்கு அதே உட்பொருள் கொண்ட வேறு மருந்தைக்கூட மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கிறது மருந்து விதி 65(11ஏ). பேட்ச் எண் போட்ட பில் கையில் இருந்தால், கடைக்காரர் மீதும் நுகர்வோர் வழக்குப் போடலாம்.

இனி செய்ய வேண்டியது. மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம்: முழு கேஸ் ஷீட், மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, எல்லா ஈசிஜி, ஆய்வக அறிக்கைகள். 'மருந்து சார்ட்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள், இல்லாவிட்டால் சம்மரியை நீட்டுவார்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். தரவில்லை என்றால் அந்த மறுப்பையே மருத்துவமனைக்கு எதிராகப் பயன்படுத்தலாம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். இறப்பில் சந்தேகம் இருந்தால், தகனத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, வேறு அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனையும் அதற்கு வீடியோ பதிவும் கேளுங்கள்.

எங்கே போவது? என்னைக் கேட்டால் முதலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தையும் 'சேவை' என்றது. கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்டம் போதும், 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம். காலக்கெடு 2 வருடம். எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதற்குள் வராது. அதற்கு சிவில் நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். தனியார் மருத்துவமனையில் காப்பீடு பணம் கட்டியிருந்தால் அதுவும் பணம் கட்டிய சிகிச்சைதான்.

கிரிமினல் வழக்கை முதல் ஆயுதமாக எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல் மருத்துவருக்கு 2 வருடம் வரை சிறை உண்டு. ஆனால் 2005-இல் உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு 'மிகக் கடுமையான' அலட்சியம் இருந்தால்தான் என்றும், வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்றும் வரம்பு போட்டது. சாதாரணத் தவறு அந்த உயரத்தை எட்டாது. எட்டக் கூடாது என்பதும் என் எண்ணம், பயந்த மருத்துவர் யாருக்கும் நல்லது செய்ய மாட்டார். நுகர்வோர் வழக்கில் எல்லாவற்றுக்கும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. 'தவறு தானே பேசுகிறது' என்ற நிலைக்கு, கலக்காமல் தள்ளிய பொட்டாசியத்தை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்குமா!

டோஸ் வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சிகிச்சைக்குப் பின் இறந்த அனுராதா சாஹாவின் வழக்கைப் பாருங்கள். அதில் மாரடைப்பு இல்லை, தோல் நோய். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை, வாரக்கணக்கில் இடைவெளி விட வேண்டியதை, 80 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு முறை எழுதினார்கள். தயாரிப்பாளரின் குறிப்புத் தாளே சாட்சியாக நின்றது. 2013-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த இழப்பீடு வட்டியோடு 11 கோடியைத் தாண்டியது. ஆகவே ஆம்பூல் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மருத்துவமனை தரப்பில் யாராவது தனியறைக்குக் கூப்பிட்டு ஒரு தொகை பேசினால், கூடவே ஒரு தாளும் வரும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதில் பேனா வைக்கும் முன், மருந்து சார்ட்டின் நகல் உங்கள் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.