எண்பதும் எங்கள் இருபதும்

பினாங்கில் தனியார் மலிவு விலை அடுக்குமாடிகளில் மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றின் பெரிய பழுதுகளுக்கு மாநில அரசு 80 விழுக்காடு வரை தருகிறது. மீதி 20 விழுக்காட்டைக் குடியிருப்பாளர்கள்தாம் போட வேண்டும். எங்கள் புளோக்கில் சிக்கலே அந்த இருபதில்தான். மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தைப் பாதிப் பேர் கட்டுவதில்லை. பெரிய பழுதுகளுக்கென்று அதனுடன் 10 விழுக்காடு சேர்த்து வசூலிக்க வேண்டிய சேமநிதியும் அதனால் வறண்டு கிடக்கிறது. கட்டாதவர்களில் ஒருவர், புதிய காரைக் கழுவிக்கொண்டே, "முழுவதையும் அரசாங்கமே செய்யட்டுமே" என்கிறார். (அவர் வீடு தரைத்தளத்தில்.) 11ஆவது மாடியில் இருக்கும் என் அம்மாவோ, மின்தூக்கிக் கதவில் ஒட்டிய 'ரோசாக்' (மலாயில் 'பழுது') அட்டையின் எழுத்தே மங்கிப்போன பின்பும், மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருக்கிறார்.